தமிழகம் வழியே செல்லும் கேரளத் 'தீவு': பரம்பிக்குளம் மலை மக்களின் நிலை

பாலக்காடு: நான்கு புறமும் நிலம் சூழ்ந்திருந்தும், அண்டை மாநிலத்தின் வழியாகவே சென்றடையும் தீவாக, கேரளாவின் பரம்பிக்குளம் இருந்து வருகிறது.

பாலக்காடு மாவட்டம், முதலமடை ஊராட்சிக்கு உட்பட்டது பரம்பிக்குளம். ஆனால், அங்கு வாகனங்கள் செல்லும் சாலை தமிழகத்தின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே அமைந்துள்ளது. பாலக்காட்டில் இருந்து செல்வோர் பொள்ளாச்சி வழியாக ஏறத்தாழ 100 கி.மீ., துாரம் சுற்ற வேண்டும். சுற்றுலாப் பயணிகள் இரு மாநில வனத்துறையினரிடமும் கட்டணம் செலுத்துகின்றனர்.

கடந்த 2010ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியின் மொத்தப் பரப்பு 643.66 சதுர கி.மீ., ஆகும். பழமையான கன்னிமாரா தேக்கு மரமும், அணைகளும் பயணிகளை ஈர்க்கின்றன. பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில் இருந்தாலும், அதைப் பராமரித்து இயக்குவது தமிழகமே. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம், 1958 நவம்பர் 9 முதல் அமலுக்கு வரும் வகையில், 1970ல் கையெழுத்தானது. அதன்படி, மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி., தண்ணீர் கேரளாவுக்கு வழங்கப்பட வேண்டும்.

பயணிகளுக்கு ஒரு நாள் அனுபவமாகும் இந்தச் சுற்றுப்பாதை, அங்கு வாழும் காடர், மலசர், முதுவர் உள்ளிட்ட பழங்குடியினருக்கு அன்றாட அவலம். ஊராட்சி அலுவலகம் செல்வதற்குக் கூட, தமிழகத்துக்குள் நுழைந்து மீண்டும் கேரளா திரும்ப வேண்டியுள்ளது. இதனால் வெறுப்படைந்த தேக்கடி குடியிருப்பு மக்கள், 2020 அக்டோபரில், செம்மணாம்பதிக்குத் தாங்களே காட்டுப்பாதை வெட்டத் துவங்கினர். இந்தத் தேக்கடி, இடுக்கியில் உள்ள சுற்றுலாத் தலம் அல்ல.

இடுக்கி மாவட்ட எல்லையிலும் இதே நிலை உண்டு. மூணாறு தேயிலைத் தோட்டங்களைக் கடந்தால், மழை மறைவுப் பகுதியான மறையூரில் சந்தனக் காடுகள். வட்டவடையில் காய்கறித் தோட்டங்கள். இவற்றுக்குச் சாலை உண்டு. ஆனால், முதுவர் மக்கள் வாழும் இடமலைக்குடி, 2010ல் கேரளாவின் முதல் பழங்குடியினர் ஊராட்சியாக உருவான பின்னரும், பல ஆண்டுகள் அரிசி, மருந்து உள்ளிட்டவை தலைச்சுமையாகவே சென்றன.

புலிகளின் வாழிடத்தில் புதிய சாலை அமைத்தால் காடு துண்டாகும். சாலை மறுத்தால் மக்கள் துண்டிக்கப்படுவர். தண்ணீரை டி.எம்.சி., கணக்கில் பங்கிட உடன்பாடு கண்ட இரு மாநில அரசுகளும், எல்லை மக்களின் போக்குவரத்துக்கும் அதே அக்கறையுடன் வழி காண வேண்டியது அவசியமாகிறது.