காற்றும் மோட்டார் வண்டியும்

மோட்டார் வண்டியின் வேகம் இருமடங்காயின் காற்றின் எதிர்ப்பு நான்மடங்காகும். நெடுஞ்சாலையிற் பெட்ரோல் செலவு மிகுவதற்கு இதுவே தலையாய காரணம். முகப்பைக் கூராக்கின் இவ்வெதிர்ப்பு நீங்குமெனப் பலர் கருதுவர். அது வேண்டுவதில்லை, மூலைகள் மழுங்கியிருப்பின் அமையும். 1970-களில் கலிபோர்னியாவில் நாசா அறிஞர் ஒரு வேனுக்கு அலுமினியத் தகட்டாற் பெட்டிபோற் சட்டையிட்டு ஓட்டினர். பின் அதன் மூலைகளை வளைத்தவளவில் எதிர்ப்புப் பாதிக்குமேற் குறைந்தது.

எஞ்சும் பெரும்பகை பின்புறத்தில் உளது. ஆங்குக் காற்று வண்டியை விட்டுப் பிரிந்து சுழல, அழுத்தங் குன்றி வண்டி பின்னிழுக்கப்படும். ஓடத்தின் கடைபோல் மெல்லக் குவியும் வாலொன்று அச்சுழலைச் சுருக்கும். குவிவு ஏறத்தாழ 15 பாகைக்கு மேற்படின் காற்று ஒட்டாது பிரிந்துவிடும். தம் வண்டியைத் தாமே திருத்துவோர் மெல்லிய தகட்டால் இவ்வாலை அமைத்து, அடிப்புறத்தையும் மூடுவர். வால் பின்விளக்குகளை மறைத்தலாகாது. அடித்தகடு புகைபோக்கியைத் தீண்டலுமாகாது.