மக்குன்னு பேர் வெச்ச அக்கா

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுட்டே வந்த விஷயம் இது. எழுதினா என் குட்டு வெளிப்பட்டுடும்ங்கிறதுதான் காரணம். சரி, உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப் போறேன்!

எனக்கு ஒரு சித்தி பையன். என்னைவிட மூணு வயசு சின்னவன். பேர் வேணாம், தம்பின்னே வெச்சுக்குவோம். பத்து வயசுலயே வீட்டு மிக்ஸியைக் கழட்டி, கார்பன் பிரஷ் தேஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சு, கடையில வாங்கிட்டு வந்து மாத்திப் போட்டவன். எங்க ஸ்டாப்புல எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும்னு எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனா பாடப்புத்தகத்தைத் திறந்தா மட்டும் ஆள் வேற மாதிரி ஆயிடுவான். வயித்து வலிம்பான், தண்ணி குடிக்கணும்பான், பாத்ரூம் போகணும்பான்.

கோடை லீவு விட்டா அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு என் தலையில விழும். நான்தான் வீட்டுல 'நல்லாப் படிக்கிற பொண்ணு' ஆச்சே! டிக்டேஷன் வைப்பேன். பத்து வார்த்தையில எட்டு தப்பு வரும். ஒரே வார்த்தையை ஒரே பக்கத்துல மூணு விதமா எழுதியிருப்பான். இம்போசிஷன் கொடுத்தா, முதல் வரியில செஞ்ச தப்பை அம்பது வரிக்கும் ஒழுங்கா காப்பி பண்ணி வெச்சிருப்பான். எனக்குக் கோவம் தலைக்கேறும். ஸ்கேலால முட்டியில ரெண்டு போடுவேன். "மக்கு, மக்கு... நேத்துதானே சொல்லிக்கொடுத்தேன்?"

அந்தப் பேரை அவனுக்கு முதல்ல வெச்சது நான்தான். அப்புறம் வீடே கூப்பிட ஆரம்பிச்சுது.

ஒன்பதாவதுல ஃபெயில். பத்தாவதுக்கு அனுப்பினா தேர்ச்சி சதவீதம் குறையும்னு பள்ளிக்கூடத்துல சித்தியைக் கூப்பிட்டு டி.சி. வாங்கிக்கச் சொல்லிட்டாங்க. சித்தியும் ஒண்ணும் பேசாம வாங்கிட்டு வந்துட்டாங்க. இப்போ மோட்டார் காயில் கட்டுற கடையில வேலை பாக்கிறான்.

நான் இங்கே அமெரிக்காவுல சிறப்புக் கல்வியில மாஸ்டர்ஸ் படிக்கிறேன். முதல் செமஸ்டர்ல ஒரு நாள், 1896ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஒரு சின்னக் குறிப்பைப் பத்திப் பேராசிரியர் சொன்னாங்க. எழுதினவர் பிரிங்கிள் மார்கன்ங்கிற இங்கிலாந்து மருத்துவர். 14 வயசுப் பையன் ஒருத்தன், பேரு பெர்சி. கெட்டிக்காரன், விளையாட்டுல சளைச்சவன் இல்லை, கணக்கு நல்லாவே போடுறான். ஆனா வாசிக்க வரலை. தன் பேரையே 'பெர்சி'க்குப் பதிலா 'ப்ரெசி'ன்னு எழுதறான், தப்புன்னு யாராவது காட்டுற வரைக்கும் அவனுக்குத் தெரியலை. பாடம் எல்லாத்தையும் வாய்மொழியாவே நடத்தினா இவன்தான் பள்ளிக்கூடத்துலயே முதல் கெட்டிக்காரனா இருப்பான்னு அவனோட வாத்தியாரே சொல்லியிருக்கார்.

எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் காதுல விழலை. முட்டியில ஸ்கேலோட தம்பிதான் கண்ணு முன்னாடி நின்னான். 1896லயே ஒருத்தர் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார்! நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு நான் ஸ்கேலைத் தூக்கிட்டு நிக்கிறேன்.

இதுக்கு இப்போ பேர் டிஸ்லெக்ஸியா. எழுத்தைத் தலைகீழாப் பாக்கிறதுதான் டிஸ்லெக்ஸியான்னு நம்மில் பலர் நினைச்சுட்டிருக்கோம். கண்ணுல கோளாறு இல்லை. புத்தியிலயும் குறை இல்லை. பேச்சு குழந்தைக்குத் தானா வருது. வாசிப்பு அப்படி வராது, ஒவ்வொருத்தரும் புதுசாத்தான் கத்துக்கணும். காதுல கேக்குற சொல்லைச் சின்னச் சின்ன ஒலிகளா உடைச்சு, ஒவ்வொரு ஒலியையும் ஒரு எழுத்தோட முடிச்சுப் போடணும். டிஸ்லெக்ஸியா இருக்கிற பெரும்பாலான பிள்ளைங்களுக்கு இந்த முடிச்சு போடுற இடத்துலதான் சிக்கல்.

நம்ம தமிழையே எடுத்துக்கங்க. 'போ'ன்னு சொல்றப்போ முதல்ல வர்றது 'ப்', அப்புறம் 'ஓ'. எழுத்துல பாருங்க, முதல்ல ஒரு கொம்பு, நடுவுல 'ப', கடைசியில ஒரு கால். ஒரே உயிரொலி மெய்யோட ரெண்டு பக்கமும் பிரிஞ்சு உக்காந்திருக்கு! கண், தங்கம், பகல் - மூணுலயும் ஒரே 'க'தான், ஆனா வாய் மூணு விதமாச் சொல்லுது. படிச்சுப் பழகின நமக்கு இது எதுவும் உறைக்கிறதே இல்லை. இங்கிலீஷ் பத்திக் கேக்கவே வேணாம்... அதைத்தான் நான் இம்போசிஷன் கொடுத்து ஏத்தப் பாத்தேன் :-(

சரி, இங்கே அமெரிக்காவுல எல்லாம் ஆரம்பத்துலேர்ந்து ஒழுங்கா இருந்துதான்னு கேட்டா, இல்லவே இல்லை. பென்சில்வேனியா மாநிலத்துல ஒரு சட்டம் இருந்துச்சு. ஒண்ணாம் வகுப்பு சேர்ற நேரத்துல குழந்தைக்கு அஞ்சு வயசுக்கான மனவளர்ச்சி வரலைன்னா பள்ளிக்கூடம் கதவைச் சாத்திக்கலாம். பெற்றோர் சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. 1972ல அந்தக் கதவு திறந்துச்சு. அதே வருஷம் தலைநகர் வாஷிங்டன்லயும் ஒரு வழக்கு. பணம் இல்லைன்னு கல்வி வாரியம் கையை விரிச்சுது. பணம் பத்தலைன்னா அந்தப் பாரத்தை இந்தக் குழந்தைங்க தலையில மட்டும் கூடுதலா ஏத்தக் கூடாதுன்னு நீதிபதி சொல்லிட்டார்.

1975ல நாடாளுமன்றம் கணக்குப் பாத்தப்போ, குறைபாடு உள்ள குழந்தைங்க 80 லட்சத்துக்கு மேல. அதுல பாதிக்கு மேல சரியான கல்வி இல்லை. 10 லட்சம் பேருக்குப் பொதுப் பள்ளியே இல்லை. அந்த வருஷம் நவம்பர் 29ஆம் தேதி ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்துப் போட்ட சட்டம்தான், 1990லேர்ந்து ஐ.டி.இ.ஏ.ங்கிற பேர்ல இருக்கு. குறைபாட்டுல 13 வகை சொல்லுது. பார்வை, செவித்திறன், ஆட்டிசம் எல்லாம் அதுல வரும். டிஸ்லெக்ஸியா வர்றது 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு'ங்கிற வகையில. 2022-23 கணக்குப்படி இந்தச் சட்டத்துக்குக் கீழே உதவி வாங்குற பிள்ளைங்க சுமார் 75 லட்சம். அதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இந்த வகைதான்.

இதுல எனக்கு நெஞ்சுல தைச்ச சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. இந்தக் குறைபாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? 1977ல வந்த விதிப்படி, குழந்தையோட அறிவுத்திறன் மதிப்பெண் ஒரு பக்கம், படிப்பு மதிப்பெண் இன்னொரு பக்கம். ரெண்டுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருந்தாத்தான் குறைபாடு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணாவது படிக்கிற குழந்தைக்குப் பள்ளம் எங்கேர்ந்து பெருசாத் தெரியும்? மூணாவது, நாலாவதுன்னு போய், தோத்துத் தோத்து, வகுப்புல எல்லாரும் சிரிச்சு முடிச்ச அப்புறம்தான் அளவு சரியா வரும். அப்போதான் உதவி. இதுக்கு இங்கே வெச்ச பேரே 'தோக்குற வரைக்கும் காத்திரு'.

2004ல சட்டத்தைத் திருத்தினாங்க. பள்ளத்தை அளந்தே ஆகணும்னு மாநிலங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது. அதுக்குப் பதிலா, வாசிக்கத் திணறுற குழந்தைக்கு முதல்லயே ஆதாரமுள்ள முறையில கூடுதல் பயிற்சி கொடு, எப்படி ஏறி வருதுன்னு பாரு, ஏறலைன்னா பயிற்சியை இன்னும் கூட்டு, அதையும் கணக்குல எடுத்து முடிவு பண்ணுன்னு வழி விட்டாங்க. முன்னே தோல்விக்கு அப்புறம் உதவி. இப்போ உதவியிலேர்ந்துதான் ஆரம்பம்.

போன செமஸ்டர் ஒரு ஆரம்பப் பள்ளியில இந்த மாதிரி பயிற்சியைப் பக்கத்துல உக்காந்து பாத்தேன். (அந்தக் குழந்தைங்களைப் பத்தி வேற எதுவும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, சொல்லவும் மாட்டேன்.) மூணு பிள்ளைங்க, ஒரு டீச்சர். டீச்சர் ஒரு வார்த்தை சொல்றாங்க. பிள்ளை அதுல இருக்கிற ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு விரலை மேஜையில தட்டுது. மூணு ஒலி, மூணு தட்டு. அப்புறம் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு எழுத்து அட்டையை நகர்த்துது. தப்பு வந்தா, "திரும்பத் தட்டு, எத்தனை கேட்டுச்சு?" அவ்வளவுதான். நேத்து சொன்னதை இன்னிக்கு மறந்தா இன்னிக்கும் அதையே சொல்றாங்க, நாளைக்கும் சொல்றாங்க. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. வரிசை, பொறுமை, திரும்பத் திரும்ப. ஸ்கேல் மேஜை மேல கெடந்துச்சு, கோடு போட :-)

இங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் ஐ.இ.பி.ன்னு ஒரு தனிக் கல்வித் திட்டம் எழுதணும். இப்போ என்ன வருது, ஒரு வருஷத்துல எது வரணும், அதுக்கு யார் என்ன செய்யப் போறாங்க, எல்லாம் அதுல இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது உக்காந்து பாக்கணும். வகுப்பு டீச்சர், சிறப்பு டீச்சர், மாவட்டத்து ஆள், பரிசோதனை முடிவை விளக்கத் தெரிஞ்ச ஒருத்தர், இவங்களோட அம்மா அப்பாவும் அந்தக் குழுவுல உறுப்பினர். இங்கிலீஷ் தெரியாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு பண்றதும் பள்ளியோட கடமை. ஒரு வார்த்தை பேசாம டி.சி. வாங்கிட்டு வந்த சித்தியை நினைச்சுக்கிட்டேன்.

இதையெல்லாம் படிச்சுட்டு இங்கே பாலும் தேனும் ஓடுதுன்னு நினைச்சுடாதீங்க. கூடுதல் செலவுல 40 சதவீதம் வரைக்கும் மத்திய அரசு தரும்னு 1975ல சொன்னாங்க. இன்னிவரை ஒரு வருஷம்கூட அதைத் தொட்டதில்லை. பேருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் இருந்தாப் போதும்னே ரொம்ப நாள் பல கோர்ட்டுகள் சொல்லிட்டிருந்துச்சு. அது பத்தாது, அந்தக் குழந்தையோட நிலைமைக்கு ஏத்த உண்மையான முன்னேற்றம் வரணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னதே 2017லதான். வசதியான பெற்றோர் வக்கீலோட வர்றாங்க, இல்லாதவங்க தனியா வர்றாங்க. அந்த வித்தியாசம் இங்கேயும் உண்டு.

இன்னொரு வகைப் பிள்ளைங்களும் இருக்காங்க. ஒரு பக்கம் அபாரத் திறமை, இன்னொரு பக்கம் குறைபாடு. இங்கே 'இரட்டை விதிவிலக்கு'ங்கிற மாதிரி ஒரு பேர் சொல்லுவாங்க. திறமை குறையை மறைச்சுடும், குறை திறமையை மறைச்சுடும், கடைசியில மார்க் ஷீட்டுல பாத்தா சாதாரணப் பையன். எனக்கு மிக்ஸி ஞாபகம் வந்துச்சு. அவனுக்கு எந்தப் பரிசோதனையும் நடந்ததில்லை, அதனால இதுதான்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது, சொல்ற தகுதியும் எனக்கு இன்னும் இல்லை. ஆனா அவன் சோம்பேறி இல்லைன்னு மட்டும் இப்போ சத்தியம் பண்ணுவேன். தப்பா வர்றதை அம்பது தடவை உக்காந்து எழுதினவன் எப்படிங்க சோம்பேறி ஆவான்?

நம்ம ஊர் நிலைமையும் அப்படியே நிக்கலை. 1995 சட்டத்துல இருந்த குறைபாடு 7 வகைதான், கற்றல் குறைபாடு அதுல இல்லை. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை, அதுல இதுவும் உண்டு. சான்றிதழ் இருந்தா பொதுத்தேர்வுல கூடுதல் நேரம் கேக்கலாம், சொல்லச் சொல்ல எழுத ஆள் கேக்கலாம். ஆனா சான்றிதழ் வாங்கணும்னா முதல்ல யாராவது சந்தேகப்படணும். 'மக்கு'ன்னு ஒரு பதில் கையில தயாரா இருக்கிற வரைக்கும் யாருக்கும் சந்தேகம் வராது. நான் செஞ்ச பாவம் ஸ்கேல் இல்லை, அந்தப் பதில்தான்.

போன ஞாயித்துக்கிழமை தம்பிக்கு போன் போட்டேன். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அவன் வாட்ஸாப்புல ஒரு வரிகூட எழுத மாட்டான், எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். "ஏன்டா, டைப் பண்ணக்கூட சோம்பேறித்தனமா?"ன்னு போன வருஷம்கூட கிண்டல் பண்ணியிருக்கேன். அதையும் சேத்து மன்னிப்புக் கேட்டேன். பெர்சி கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கடையில மோட்டார் ஓடுற சத்தம் மட்டும்தான்.

"அந்தப் பையன் அப்புறம் என்னக்கா ஆனான்?"

எனக்குத் தெரியலைன்னு சொன்னேன்.

"சரி... இப்போ டெஸ்ட் எடுத்தா எனக்குச் சொல்லுவாங்களா? பத்தாவது பிரைவேட்டா எழுதலாம்னு ஒரு நெனப்பு. யாருகிட்டயும் சொல்லலை."

விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். இந்த வயசுல பரிசோதனை எங்கே செய்வாங்க, தனித்தேர்வருக்கு நடைமுறை என்னன்னு கேட்டுட்டிருக்கேன். உங்கள்ல யாருக்காவது அனுபவம் இருந்தா சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.

போனை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த வியாதிக்குப் பேர் என்னன்னு கேட்டான். வியாதி இல்லைடா, டிஸ்லெக்ஸியான்னு சொன்னேன். எழுதி அனுப்பட்டுமான்னு கேட்டேன், வாய் தவறி.

"எழுதாதக்கா. வாய்ஸ்ல அனுப்பு, ரெண்டு தடவை கேட்டா பிடிச்சுக்குவேன்."

அனுப்பிட்டேன்.