யந்திரத்தை எடைக்குப் போடலாமா?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள். சேர்வராயன் கோயிலுக்குப் போவார்கள். திரும்பும்போது காப்பிக் கொட்டையும் மிளகும் வாங்கிக்கொள்வார்கள். சென்ற மழைக்காலத்தில் அந்த இருபது வளைவுகளையும் இறங்கி, அன்று மாலையே ஏமாற்றத்துடன் ஏறி வந்த ஒரு பிரயாணியைப் பற்றி இங்கே சொல்லப் போகிறேன். அந்தப் பிரயாணி ஒரு பழைய மடிக் கணினி.

என்னிடம் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தியின் வீட்டுச் சொத்து அது. அண்ணன் படித்த காலத்தில் வாங்கியது. அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு அலமாரியில் உறங்கிக் கிடந்தது. விசையை அழுத்தினால், ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிக்கும் வரையில் அது கண் விழிக்காது. சேலத்துக் கடைக்காரர் ஒருவர், "இதற்கு இனி வைத்தியம் கிடையாது. எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெண்ணின் தகப்பனாருக்குக் காப்பித் தோட்டத்தில் கணக்கு வேலை. புதுக் கணினியின் விலை அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல்.

"ஸார், நிஜமாகவே இது செத்துப் போய்விட்டதா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

சாகவில்லை. உண்மையில் அதன் உறுப்புகளில் ஒன்றும் பழுதில்லை. கணினிக்குள்ளே இயங்குதளம் என்று ஒரு காரியஸ்தன் உண்டு. திரை, விசைப்பலகை, நினைவகம் எல்லாவற்றையும் ஏவி வேலை வாங்குகிறவன் அவனே. வீடு அப்படியே இருக்க, காரியஸ்தன் மட்டும் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? வீட்டில் மற்றவர் உட்கார இடமிராது. இந்த யந்திரத்துக்கு 2 ஜிகாபைட் நினைவகந்தான். அதில் பெரும் பகுதியைக் காரியஸ்தனே விழுங்கிக்கொண்டிருந்தான். போதாக் குறைக்கு, மைக்ரோஸாப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு பல பழைய யந்திரங்களில் கிடையாது.

அப்படியானால் மெலிந்த காரியஸ்தன் ஒருவனைத் தேட வேண்டியதுதானே! அத்தகைய வமிசம் ஒன்று இருக்கிறது. 1969-ல் அமெரிக்காவில், பெல் ஆராய்ச்சிசாலையில், கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் உண்டாக்கிய யூனிக்ஸே அதன் மூதாதை. ஒவ்வொரு சிறு கருவியும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும், அதைச் செவ்வையாகச் செய்ய வேண்டும் என்பது அதன் குலதர்மம். 1987-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், மாணாக்கர் படித்தறிவதற்கென்றே அதே முறையில் மினிக்ஸ் என்ற சிறு தளத்தை எழுதி, அதன் மூலத்தைப் புத்தகத்திலேயே அச்சிட்டார். 1991-ல் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணாக்கர் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மினிக்ஸைத் தம் வீட்டுக் கணினியில் நிறுவினார். நிறுவிய சில மாதங்களில் தாமே புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினார். அதுவே லினக்ஸ். நேயர்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் அடியில் இருப்பதும் அதுதான். வீட்டுக் கணினியில் சிறு தளம் ஒன்றை நிறுவிப் பார்ப்பதிலிருந்து என்னவெல்லாம் விளையும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

லினக்ஸ் குடும்பத்தில், 1993-ல் தோன்றிய டெபியன் என்ற தளத்தை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். அது முற்றும் இலவசம். முதலில் அண்ணனுடைய புகைப்படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் பத்திரப்படுத்தினோம். புதுத் தளத்துக்காக வட்டைத் துடைத்துவிட்டால் பழையது ஒன்றும் திரும்பாது. பிறகு பள்ளிக் கணினி ஒன்றில் டெபியனின் சிறிய நிறுவல் பிரதியை இறக்கி, அதற்கென்று உள்ள கருவியால் பென் டிரைவில் எழுதினோம். சும்மா நகல் எடுத்துப் போட்டால் யந்திரம் அதிலிருந்து கிளம்பாது.

நிறுவும்போது மொழிப் பட்டியலில் தமிழும் இருப்பதைக் கண்டு அவளுக்கு ஒரே ஆனந்தம். ஆனால் வெறும் கறுப்புத் திரைக்குத் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் காட்டத் தெரியாது. ஆகையால் அப்போதைக்கு ஆங்கிலத்தையே கொண்டோம். வட்டைப் பிரித்து, பாதி வேலை நடந்திருக்கும்; வெளியே மழை வலுத்தது; மின்சாரம் நின்றது. யந்திரத்தின் பாட்டரி உயிர்விட்டு நெடுநாளாயிற்று. எல்லாம் அவிந்தது. எனக்கோ வீடு திரும்ப நேரமாகிவிட்டது. "நாளை பார்க்கலாம், அம்மா" என்று புறப்பட்டேன்.

மறுநாள் மழையால் என்னால் போக முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் போனேன். அவள் முன்தினமே நான் சொன்னவற்றை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்ததைக் கொண்டு, முதலிலிருந்து தனியாகத் தொடங்கி முடித்திருந்தாள். என்னென்ன வேண்டும் என்று நிறுவி கேட்கும் இடத்தில், அலங்காரத் திரை முதலியவற்றின் குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு அடிப்படையை மட்டும் வைத்துக்கொண்டாள். கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு மினுக்கி மினுக்கி அவளுடைய கட்டளைக்குக் காத்திருந்தது. நினைவகத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை!

அதன்மேல் வேண்டியதை ஒவ்வொன்றாக அவளே சேர்த்தாள்: லேசான ஒரு ஜன்னல் திரை, பயர்பாக்ஸ், எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ், தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை. குறை இல்லாமல் இல்லை. இணையப் பக்கங்கள் நாலைந்தைச் சேர்ந்தாற்போல் திறந்தால் யந்திரம் மூச்சு வாங்குகிறது. ஆனால் பாடம் படிக்கவும், கல்லூரி விண்ணப்பம் நிரப்பவும், நிரல் எழுதிப் பழகவும் அது தாராளமாகப் போதும்.

"ஆம்ஸ்டர்டாமிலும் ஹெல்ஸிங்கியிலும் பிறந்த சரக்கில் சுதேசியம் எங்கே இருக்கிறது?" என்று யாரேனும் கேட்கலாம். இயந்திரங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசிய காந்தியடிகளே 1924-ல் ஸிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார் அல்லவா? அது குடும்பத்தின் பாரத்தைக் குறைக்கும் கருவி என்பதே காரணம். 1925-ல் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டபோது, அங்கே ராட்டினம் கற்பித்ததும் துணியை மட்டும் அன்று; பிறர் கையை எதிர்பாராமையையும் கற்பித்தது. லினக்ஸின் மூலத்தை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அந்த உரிமையைக் கொண்டே நம் தேசத்து ஸி-டாக் நிறுவனம், சென்னையில், டெபியனை ஆதாரமாக வைத்து பாஸ் என்ற தளத்தை ஆக்கியது. எங்கே பிறந்தது என்பதைவிட, திறந்து பார்க்கும் உரிமை நமக்கு உண்டா என்பதே முக்கியமான கேள்வி என்பது என் அபிப்பிராயம்.

நிற்க. சென்ற வாரம் அவளுடைய சிநேகிதியின் வீட்டில் எடைக்குப் போவதற்கிருந்த கணினி ஒன்றைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். வைத்தியத்துக்கு என்னை அழைக்கவில்லை; அவளையும் அவளுடைய நோட்டுப் புத்தகத்தையுமே அழைத்தார்கள். அதை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் எழுதியிருந்தது: "மழை வருமா என்று வானத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கவும்."