பழைய கெர்னல் எங்கேயும் போகவில்லை

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப் அடிக்கும் கடையாகட்டும், கல்லூரி மாணவர் வீடாகட்டும், அப்டேட் போட்ட மறுநாள் லினக்ஸ் கருப்புத் திரையில் நின்றுவிட்டால், “ஃபார்மட் அடிச்சிரலாம்” என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். அவசரம் வேண்டாம். உபுண்டு, டெபியன் போன்றவை லினக்ஸின் மையமான கெர்னலைப் புதிதாகப் போடும்போது பழையதை உடனே அழிப்பதில்லை.

2011-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸை டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஆன் செய்ததும் ‘எது வேண்டும்?’ என்று கேட்ட பட்டியல் நினைவிருக்கிறதா? அதைக் காட்டுவது கிரப். மீட்பு வேலையும் அங்கேதான் தொடங்குகிறது.

கிரப் இரண்டை மெமரியில் ஏற்றும்: கெர்னல், கூடவே இனிட்ராம்எஃப்எஸ். வட்டைப் படிக்க கெர்னலுக்கு டிரைவர் வேண்டும். டிரைவரோ பல நேரம் வட்டுக்குள் கிடக்கிறது. அதுவரை தாங்கிப் பிடிக்கும் சாரம்தான் இனிட்ராம்எஃப்எஸ். கோபுரத் திருப்பணிச் சாரம் போல, வேலை முடிந்ததும் விலகிவிடும்.

அது இல்லாமல் போனால் ‘கெர்னல் பேனிக்’ வரும். அந்த வரியின் கடைசியில் ‘அன்னோன்-பிளாக்’ என்பதை அடுத்து அடைப்புக்குறியில் உள்ள எண்களைப் பாருங்கள். 0,0 என்றால் கெர்னலுக்கு வட்டே தெரியவில்லை. 8,1 என்றால் முதல் வட்டின் முதல் பகுதி தெரிகிறது, உள்ளே படிக்கத்தான் முடியவில்லை. 0,0-க்கு அடிக்கடி காரணம் அற்பமானது: தனிப் பகுதியாக வைத்த ‘பூட்’ நிரம்பி, புதிய இனிட்ராம்எஃப்எஸ் முழுதாக எழுதப்படவில்லை.

மீண்டும் ஆன் செய்து எஸ்கேப்பைத் தட்டியோ ஷிஃப்டை அழுத்திப் பிடித்தோ கிரப் பட்டியலை வரவழைத்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கெர்னலின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே வந்ததும் வேண்டாத கெர்னல்களை ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ மூலம் நீக்குங்கள். இப்போது ஓடும் கெர்னலில் மட்டும் கை வைக்காதீர்கள். பிறகு புதிய கெர்னல் எண்ணுக்கு ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’, அடுத்து ‘அப்டேட்-கிரப்’ கட்டளைகளை ஓட்டுங்கள்.

பேனிக் இல்லாமல் திரை மட்டும் இருண்டால் சந்தேகம் என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர் மீது. அந்த டிரைவரை ஒவ்வொரு கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி புதிதாகக் கட்டவேண்டும். அந்தக் கெர்னலுக்கான ஹெடர் பொதி இல்லையென்றால் கட்டாது. கிரப்பில் ‘ஈ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் முடிவில் ‘நோமோட்செட்’ சேர்த்து எஃப்10 தட்டினால் பெரும்பாலும் திரை வந்துவிடும். அந்த மாற்றம் ஒருமுறைக்கு மட்டும்தான்; அதற்குள் ஹெடரைப் போட்டுவிடுங்கள்.