பட்டறை வாசல் – 11: சீட்டுக்கு அடியில் ஒரு தட்டல்

மச்சானின் வேன் விடியற்காலையில் மட்டும்தான் தட்டும். நாலரை மணிக்கு அண்டா, கரண்டி, கேஸ் அடுப்பு எல்லாம் ஏற்றி, அம்பாங்கிலிருந்து உலு லாங்காட் போகிற மலைச்சாலையில் மூக்கைத் தூக்கியதும் ஆரம்பிக்கும். வளைவு ஏற ஏறச் சத்தமும் ஏறும். கோலாலம்பூர் விளக்குகளைப் பார்க்க ஆட்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கினால் குறையும். கல்யாண வீட்டு வாசலில் போய் நிற்கும்போது வண்டி பரம சாது. போர்மேனிடம் கொண்டுபோனால் அங்கேயும் சாது. பல்வலிக்காரன் டாக்டர் வீட்டுப் படியேறியதும் வலி காணாமல் போகுமே, அந்தக் கதைதான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே மெக்கானிக்குக்குப் பெயர் போர்மேன். அவருக்குக் கீழே ஓர் ஆள்கூட வேலை செய்யாவிட்டாலும் அவர் போர்மேன்தான்.

வண்டி நிசான் வேனெட், சி22. ஜப்பானில் அந்த உருவம் 1990-களிலேயே முடிந்துபோனது. மலேசியாவில் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் பொருத்தி விற்றார்கள். காய்கறி, ரொட்டி, பூக்கூடை, பள்ளிப் பிள்ளைகள் என்று இந்த நாட்டின் சிறு பிழைப்புகளில் பாதியை இந்த வேன் சுமந்திருக்கிறது. உள்ளே இருப்பது ஏ15 எஞ்சின்: நான்கு சிலிண்டர், 1488 சிசி, கார்புரேட்டர். 1966-இல் டட்சன் சன்னி காரில் வந்த எஞ்சினின் தம்பி. சுத்தியலும் பொறுமையும் இருந்தால் சாகாது என்று பெயர் வாங்கியது. அது உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் விசித்திரம். முன்பக்கம் மூடியைத் திறந்து தேடினால் கிடைக்காது; முன்சீட்டைத் தூக்கினால்தான் தெரியும். ஓட்டுநர் எஞ்சின் மேலேயே உட்கார்ந்து போகிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் பார்த்த கடையில், சத்தத்தைக் கேட்காமலேயே தீர்ப்பு சொன்னார்கள். “பேரிங் போச்சு. ஓவர்ஹால் பண்றதுக்கு வேற எஞ்சினே போட்டுடலாம்.” வேற எஞ்சின் என்றால் ஹாஃப் கட். ஜப்பானில் கழித்துவிட்ட வண்டிகளைக் குறுக்கே அறுத்து, முன்பாதியைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விற்கும் வியாபாரம். கல்யாண சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. மச்சான் பணத்துக்கே சொல்லி வைத்துவிட்டார். நான்தான், இன்னொருவரிடம் காட்டிவிட்டுச் செய்யலாமே என்றேன்.

இன்னொருவர் அம்பாங்கிலேயே, கடைவரிசையின் பின்சந்தில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தப் பட்டறை தனியாகவே எழுதவேண்டிய விஷயம். எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஜப்பானியர் கையில் இருந்தபோது, 1945-இல், நேச நாட்டு பி-29 விமானங்களிடம் குண்டடியும் பட்டது. ரயில்வேயில் சக்கரம் தட்டுவது என்று ஒரு வேலை உண்டு. நீளக் காம்பு போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல சக்கரம் கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். விரிசல் விட்டது தகரம் மாதிரி சட்டென்று நின்றுவிடும். “எங்கப்பாவுக்குக் கண்ணவிடக் காதுதான் சம்பாதிச்சுக் கொடுத்துச்சு” என்பார்.

வேனை ஓட்டுகிற மருமகனும் நானும் போய் நின்றதும் அவர் வண்டியைத் தொடவில்லை. “சத்தம் போட்டுக் காட்டு தம்பி” என்றார்.

மருமகனுக்கு வெட்கம். “அதான் அங்கிள், எஞ்சின்ல ஒரு மாதிரி…”

“ஒரு மாதிரின்னா? டிக் டிக்கா, டொக் டொக்கா, கடகடவா?”

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது, பிறகுதான் புரிந்தது. கீச்சென்றால் பெல்ட். கிர்ரென்று அரைத்தால் வாட்டர் பம்ப்போ ஆல்டர்நேட்டரோ. டிக் டிக் என்று மெலிதாக இருந்தால் எஞ்சினின் மேல்பக்கம், அதாவது வால்வு, டேப்பெட். டொக் டொக் என்று கனமாக, காலடியில் உணர்கிற மாதிரி இருந்தால் கீழ்ப்பக்கம், அதாவது கிராங்க், பேரிங். இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்று தொல்காப்பியர் இலக்கணம் சொன்னார். ஒவ்வொரு கிளவிக்கும் எஞ்சினில் ஓர் இருப்பிடம் உண்டு என்பது இந்தச் சந்துக்குள் நான் படித்த இலக்கணம். அவர் கடைக்கு வரும் சீனர்களும் மலாய்க்காரர்களும் இந்தத் தேர்வுக்குத் தப்ப முடியாது. “புன்யி மச்சாம் மானா?” (சத்தம் எப்படி?) என்று கேட்டுவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மருமகன் கடைசியில் “டிக் டிக் டிக்” என்றான்.

“எங்கேயிருந்து வருதுன்னு கேக்கமாட்டேன், இரும்புல சத்தம் ஓடும், ஏமாத்தும். எப்போ வருதுன்னு சொல்லு.”

குளிரில் வரும், சூடானதும் போகும், ஏற்றத்தில் கூடும் என்றோம். ஆயில் விளக்கு எரிகிறதா என்று கேட்டார், இல்லை. “வண்டிய விட்டுட்டுப் போங்க. ராத்திரி பூரா தூங்கட்டும். எழும்பும்போது பிடிச்சுக்கலாம்.”

மறுநாள் காலை ஆறரைக்குப் போனோம். சீட்டைத் தூக்கிவைத்திருந்தார். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று தொடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு வால்வு திறந்து மூட, ஒரு சிலிண்டர் ஒரு முறை வெடிக்க, கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும். ஐட்லிங்கில் 800 சுற்று என்றால் நிமிடத்துக்கு 400 டிக், நொடிக்கு ஆறேழு. ஒரே சிலிண்டரின் சத்தமா, நான்கும் சேர்ந்து போடுகிற இரைச்சலா என்பது அந்த வேகத்திலேயே அவருக்குப் பிடிபடுகிறது. நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிறகு ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று: எஞ்சின் நொண்டியது, டிக் அப்படியே இருந்தது. நான்காவதைப் பிடுங்கியதும் டிக் ஏறக்குறைய அடங்கிவிட்டது. (பழைய டீசல் லோரியில் இதையே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திச் செய்வார்கள். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டியில் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம்.)

இங்கேதான் ஓர் ஆறேழு நிமிடம் அவர் ஒன்றுமே செய்யவில்லை. ரோக்கோ (சிகரெட்) பற்றவைத்துக்கொண்டு எங்களுக்குக் கணக்குச் சொன்னார். வெடிப்பை நிறுத்தியதும் சத்தம் அடங்கியதால் டேப்பெட் இல்லை. டேப்பெட்டுக்கு வெடித்தாலும் ஒன்று, வெடிக்காவிட்டாலும் ஒன்று. பேரிங்காக இருக்கலாமா? பேரிங் என்றால் ஆயில் சூடாகி நீர்த்துப்போகும்போது சத்தம் கூடவேண்டும். இது சூட்டில் போகிறது, ஆகவே அதுவும் இல்லை. மிச்சம் இரண்டு. தேய்ந்த பிஸ்டன் குளிரில் சிலிண்டர் சுவரில் அறைவது ஒன்று. அதுவும் சூடானால் விரிந்து அடங்கும். புகை எங்கேயோ கசிந்து டிக்கென்று தெறிப்பது மற்றொன்று.

நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சின் உடம்பில் நாலாவது சிலிண்டர் பக்கம் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்தினார். 1816-இல் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்தாராம், ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. எஞ்சின் உடம்பில் பிஸ்டன் அறைவது கேட்கவில்லை. அடுத்து ஒரு துண்டு ரப்பர் ஹோஸ். ஒரு முனை காதில், மறுமுனையை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். கடைசிக் குழாயருகே வந்ததும் தலையைச் சட்டென்று விலக்கிக்கொண்டார். டார்ச் அடித்துக் காட்டினார். கேஸ்கட் ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரி. அதன் மேலே நட் இருக்கவேண்டிய இடத்தில் நட் இல்லை. ஸ்டட் தலையோடு முறிந்துபோயிருந்தது. குளிரில் அந்த இடைவெளி திறந்திருக்கும். வார்ப்பிரும்பு சூடாகி விரிந்ததும் தானாக அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் மர்மம்.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஸ்டட்டும் ஒரு கேஸ்கட்டும்! அவர் சிரிக்கவில்லை. டேஷ்போர்டு மேலே கிடந்த பனடோல் அட்டையைக் கையில் எடுத்தார். எட்டு மாத்திரை காலி.

“யாருக்குத் தலைவலி?”

“எனக்குத்தான் அங்கிள். காலைல எழும்புறதால.”

“எந்தப் பக்கம் போறப்ப? கண்ணாடி ஏத்திட்டா?”

மழைக்காலம், ஏற்றியிருக்கிறான். எக்ஸாஸ்ட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு பிடித்துக்கொள்ளும். கசிவு பேனட்டுக்கு அடியில் இருக்கிற வண்டியில் காற்று ஓரளவு கொண்டுபோய்விடும். இந்த வண்டியில் கசிவு சீட்டுக்கு அடியில். சீட்டைச் சுற்றியிருக்கும் ரப்பரோ வண்டி வாங்கிய நாள் முதல் மாற்றாதது. ஏற்றத்தில் எஞ்சின் முக்குகிறபோதுதான் புகை அதிகம், கசிவும் அதிகம். டிக் டிக்கென்று எண்ணிக்கொண்டிருந்தது எஞ்சின் என்று நாங்கள் நினைத்தோம். நான்காயிரம் வெள்ளி செலவாகுமா, ஐயாயிரமா என்று மச்சானோடு வாதாடிய நாட்களில் அந்தப் பையன் கண்ணாடியை ஏற்றிவிட்டு மலை ஏறிக்கொண்டிருந்திருக்கிறான்.

முறிந்த ஸ்டட்டை எடுக்கத்தான் நேரம் பிடித்தது. மிச்சத் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்து, சூடாறியதும் ஸ்பேனர் போட்டுத் திருப்பினார். மூன்றாவது முயற்சியில் வந்தது. மேனிஃபோல்டு கோணியிருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தார், தேய்க்கக் கொடுத்தார். இந்த எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒரே கேஸ்கட், ஆகவே கார்புரேட்டரோடு இறக்கி ஏற்றவேண்டியிருந்தது. சீட்டைச் சுற்றிப் புது ரப்பர் போடாமல் வண்டியைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மருமகன் மறுபடி வண்டியோடு போய் நின்றான். இப்போது வேறொரு டிக் டிக், குளிரிலும் வருகிறது, சூட்டிலும் வருகிறது.

அவர் ஒரு நிமிடம் கேட்டார். “இது டேப்பெட். முன்னாடியே இருந்துச்சு, அந்தச் சத்தத்துல உனக்குக் கேக்கல.” ஃபீலர் கேஜ் எடுத்து எட்டு வால்வையும் பார்த்தார், சூட்டில் 0.35 மில்லிமீட்டர் இருக்கவேண்டும், இரண்டில் மட்டும் கொஞ்சம் கூடுதல். திருத்திய பிறகும் லேசாகக் கேட்டது.

“இன்னும் கொஞ்சம் இறுக்கினா போயிடுமா அங்கிள்?”

“போயிடும். அப்புறம் வால்வு மூடாம கருகிப்போகும். கொஞ்சம் சத்தம் போட்டா போடட்டும், விடு. தலைவலி இருக்கா?”

“இல்ல.”

“அப்ப கண்ணாடிய ஏத்திட்டே போ.”

(தொடரும்)