கறுத்த எண்ணெய்

எந்த எண்ணெய் இருதயத்துக்கு உகந்தது என்ற விசாரம் செங்கற்பட்டு மளிகைக் கடை வாசல்களில் இன்று பெரிய சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். பேதமெல்லாம் கொழுப்பின் இனத்தில். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதமும், ரேஷன் பாமாயிலில் ஏறக்குறையப் பாதியும் நிறைகொழுப்பு. கடலையெண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாது. நல்லெண்ணெயில் இன்னும் குறைவு. தேங்காயெண்ணெயின் பட்சத்தில் பேசுவோர் தம் பாட்டன்மாரின் தீர்க்காயுளைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. என் மனத்தை அரிக்கும் கவலை வேறு.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு மணலில் இறங்கினால், மசாலா பூசிய நெத்திலியும் சங்கராவும் தட்டுகளில் அடுக்கியிருக்க, பக்கத்தில் வாணலி கொதித்துக்கொண்டிருக்கும். சென்ற ஞாயிறன்று ஒரு கடையருகே நெடுநேரம் நின்றேன். பிற்பகலில் பொன்னிறமாயிருந்த எண்ணெய், விளக்கேற்றும் வேளைக்குள் காப்பி டிகாக்‌ஷனைப் போல் கறுத்து, மீன் விழுந்ததும் பொங்கிய நுரை அடங்காமல், அரிகரண்டியிலிருந்து பாகு போல் இழுபட்டு வழிந்தது.

இருதயத்துக்கு நல்லதென்று நாம் தேடி வாங்கும் சூரியகாந்தி எண்ணெயே இங்கு முதலில் கெடுகிறது. அதில் மிகுந்துள்ள லினோலெயிக் அமிலம் உஷ்ணத்திலும் காற்றிலும் சீக்கிரம் சிதைந்து, தேகத்துக்கு ஆகாத ஆல்டிஹைடுகளை உண்டாக்குகிறது. நல்லெண்ணெயிலுள்ள செசமால் அச்சிதைவைச் சற்றுத் தாமதப்படுத்துமேயன்றித் தடுத்துவிடாது. காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் பெருகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்கு உபயோகிக்கலாகாது என்பது 2018 ஜூலை முதல் இந்நாட்டில் விதி. மணலில் அடுப்பு மூட்டியவர் அதை எதைக்கொண்டு அளப்பார்?

"கீழே கொட்டிட்டா மீன் வித்த காசு எண்ணெய்க்கே போயிடும் ஐயா, வடிகட்டி வெச்சு, நாளைக்குப் புது எண்ணெய் கொஞ்சம் சேர்த்துக்குவோம்" என்றார் கடைக்கார அம்மாள். அவரைக் குறைசொல்ல எனக்கு நாவெழவில்லை. ஆனால் புதிதோடு பழையது கலக்கும்போது, புதியதும் விரைவில் கெடுகிறது. அதைத் தின்பவை ஊர்விட்டு ஊர் வந்த குழந்தைகள்.

தோசைக்கல்லில் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டேன். மலர்ந்த முகத்தோடு கல்லை ஏற்றி, புட்டியிலிருந்து இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு சங்கராவைப் பக்குவமாய்த் திருப்பிப் போட்டார். அது வேகச் சற்று நேரமாயிற்று. எனக்குப் பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து, வாணலியைக் காட்டி, அதிலேயே போடச் சொன்னார்கள்.