எலும்பை அரிக்க விசில் அடிக்கும் புரதம்: 50 வயதை தாண்டிய பெண்களே உஷார்!

அருப்புக்கோட்டை:

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தறி நெய்யும் பெண்களும், காட்டு வேலைக்கு போகும் பெண்களும் 50 வயதை தாண்டினால் அடிக்கடி சொல்வது, "இடுப்பு விட்டுப் போகுது" என்பதுதான். வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று தைலம் தேய்த்துவிட்டு சும்மா இருந்து விடுகிறார்கள். ஒருநாள் வாசலில் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பே முறிந்து விடுகிறது.

இதற்கு பின்னால் இருப்பது 'ராங்க்-எல்' என்ற புரதம்.

மேஸ்திரியின் விசில்

எலும்பு கல் மாதிரி சும்மா கிடப்பதில்லை. பழையதை இடிக்க ஒரு வகை செல், புதிதாக கட்ட இன்னொரு வகை செல் என்று உள்ளே தினமும் வேலை நடக்கிறது. இடிக்கும் ஆட்களை விசில் அடித்து கூப்பிடும் மேஸ்திரிதான் ராங்க்-எல். அந்த விசிலை அடக்க 'ஓ.பி.ஜி.' என்று இன்னொரு புரதமும் உண்டு. 1997, 98-ம் ஆண்டுகளில் விஞ்ஞானிகள் இந்த கணக்கை கண்டுபிடித்தனர்.

மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. விசில் சத்தம் கூடுகிறது. கட்டுவதை விட இடிப்பது அதிகமாகி எலும்பு சல்லடையாகிறது. மூட்டுவலிக்கு கடையில் தானாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினாலும் இதே கதிதான். எலும்புக்கு பரவும் புற்றுநோயும் இந்த விசிலை பயன்படுத்திக் கொள்கிறது.

அதற்காக இந்த புரதமே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பிறவியிலேயே இது இல்லாத குழந்தைகளுக்கு எலும்பு கெட்டியாகியும் எளிதில் முறியும்.

ஊசி இருக்கு, ஆனால்...

ராங்க்-எல்லை தடுக்கும் 'டெனோசுமாப்' ஊசிக்கு 2010-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இந்தியாவிலும் கிடைக்கிறது. 6 மாதத்துக்கு ஒரு தடவை போட வேண்டும். வலி குறைந்து விட்டது என்று பாதியில் நிறுத்தினால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. டாக்டரை கேட்காமல் நிறுத்தக்கூடாது.

என்ன செய்யலாம்?

100 கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லி கிராம் கால்சியம் இருக்கிறது. கேப்பைக் கூழ், மோர், முருங்கைக்கீரை நல்லது. நாள் முழுக்க தறியில் உட்காருபவர்கள் இளவெயிலில் நடக்க வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் சில இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லி கிராமை தாண்டினால் அதுவும் நாளடைவில் எலும்பை கெடுக்கும். போர் தண்ணீர் குடிப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

உயரம் குறைவது, கூன் விழுவது, லேசாக விழுந்தாலே எலும்பு முறிவது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போய் காட்டுவது நல்லது.